தண்ணீர்த் தொட்டிகள் மட்டும் தெரிந்த காலை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனாலும் சூலூரில் சென்னியப்பன் பட்டறை என்று கேட்டால் பஸ் கண்டக்டர்கூட இறக்கிவிடுவார். அந்தச் சென்னியப்பன் நான்தான். இரும்புத் தகட்டைக் குழாயாக வளைக்கும் மிஷினை எந்த இன்ஜினியரும் எனக்கு வரைந்து தரவில்லை. லாரி ஆக்சிலை அறுத்து நானே செய்தேன். பேங்க்காரர் லோன் கிடையாது என்றார். கிணற்று மோட்டாரைக் கழற்றி விற்றுச் செய்தேன். சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம், திருப்பூர் என்று நாலு பக்கமும் நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில், சாயப்பட்டறை, எண்ணெய் ஆலை எதுவானாலும், பாய்லர் மேலே நிற்கிற இரும்புச் சிம்னி பெரும்பாலும் என் கை பட்டதுதான். ஆடிக்காற்றில் பனைமரம் சாய்ந்து பார்த்திருக்கிறேன். என் சிம்னி சாய்ந்து பார்த்தவர் எவரும் இல்லை. மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தேன், தேக்குக் கதவு போட்டு வீடு கட்டினேன், எங்கள் வீதியில் முதல் டெலிபோன் என் வீட்டில்தான் மணி அடித்தது.

காசிக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்தவர்கள் பயணம் எழுதுகிறார்கள். நான் போனது சோமனூர் வழியாகத் தாராபுரம். நூறு கிலோமீட்டர்கூட இராது. இருந்தாலும் அந்த வழியில் நான் கண்டதை அவ்வளவு தூரம் போய்வந்தவர் யாரும் கண்டிருக்க மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

தொண்ணூற்றாறாம் வருஷம், மார்கழி. என் தங்கை மயிலாத்தாளைத் தாராபுரத்தில் அவள் மகள் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். மயிலாத்தாள் சோமனூருக்குப் பக்கத்தில், மகன் பொன்னுச்சாமியின் சைசிங் மில்லை ஒட்டிய வீட்டில் இருக்கிறாள். ஐப்பசியிலிருந்து அவளுக்கு இளைப்பு. படுத்தால் மூச்சு வராது; சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடிய வைப்பாள். கோயமுத்தூர் டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்தக் குளிர்காலத்தை அதே வீட்டில் கழித்தால், அடுத்த குளிர்காலம் அவர்களுக்கு இல்லை" என்றார். அப்படி மழுப்பாமல் சொல்லும் டாக்டரை எனக்குப் பிடிக்கும்.

காலை ஆறரைக்குச் சூலூரிலிருந்து கிளம்பினோம். டாக்சி, டீசல் அம்பாசிடர். கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய், காத்திருந்தால் தனி. டிரைவர் பாஷா பாய், உக்கடத்துக்காரர், எனக்குப் பல வருஷப் பழக்கம். வண்டியை ஸ்டார்ட் செய்ததும் பின்னால் ஒரு கறுப்பு மூட்டை அவிழ்ந்தது.

"என்ன பாய், வண்டி இப்படிக் கக்குது?" என்றேன்.

"வயசாச்சுங்க மொதலாளி. மனுசனுக்கு இருமல் வர்ற மாதிரிதான்."

"வண்டி இருமுது, மருந்து ஊர் குடிக்குதாக்கும்!"

"நீங்க சொல்றீங்களா அதை? நான் கக்குறது ஒரு சொம்பு. உங்க சிம்னி கக்குறது குளம்."

நான் சிரித்தேன். சிம்னி கக்குவதில்லை, ஏற்றி விடுகிறது என்று அவருக்கு விளக்கினேன். அடியில் சூடு, மேலே குளிர். உயரம் இருந்தால் புகையைச் சிம்னி தானாகவே இழுத்துக்கொண்டு போகும். உயரமாக இருந்தால்தான் அது சிம்னி, இல்லாவிட்டால் வெறும் தகரக் குழாய். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. சாரத்தின் மேலே நின்று முகத்தில் வாங்கிப் படித்தேன்.

சூலூரைத் தாண்டியதும் பனி மூடியது. மார்கழிப் பனி எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அன்று வந்தது வெள்ளையாக இல்லை, அழுக்கு வேட்டி நிறத்தில் இருந்தது. பானெட் முனைக்கு அப்பால் ரோடு இல்லை. மேலே ஒரு விமானச் சத்தம் எங்களோடு கூடவே வந்தது. எந்தத் திசை என்று தெரியவில்லை. எதிரே ஒரு வெள்ளை மூட்டை, ஆள் உயரத்துக்கும் மேலே, தரையில் படாமல் தானாக மிதந்து வந்தது. பாஷா பாய் பிரேக்கை மிதித்துவிட்டு வாய்க்குள் ஏதோ ஓதினார். பக்கத்தில் வந்த பிறகுதான் அது பனியன் துணிக்கழிவு ஏற்றிய சைக்கிள் என்று தெரிந்தது. மிதிப்பவர் மூட்டைக்குப் பின்னால் இருந்தார். பாய்லருக்குள் போட்டு எரிக்க எடுத்துப் போகிறார். விறகைவிட மலிவு.

சோமனூர் நெருங்கும்போது தறிச் சத்தம் வந்து சேர்ந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் விசைத்தறி ஓசை மழை மாதிரி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. ஊரே அந்த ஓசைக்குள்தான் பேசும், தூங்கும். அந்த ஓசை நாங்கள் போய்க்கொண்டிருக்கும்போதே பட்டென்று நின்றது. ஒரு தறி, இரண்டு தறி இல்லை. கண்ணுக்குத் தெரியாத அத்தனை வீடுகளிலும் ஒரே மூச்சில். கரண்ட் கட். பாஷா பாயும் காரணம் தெரியாமல் இன்ஜினை அணைத்துவிட்டார். வேப்பிலையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. பக்கத்தில் எங்கோ ஒருவர் இருமினார். இன்னொரு பக்கத்திலிருந்து இன்னொருவர் இருமினார், பதில் சொல்வது போல.

பிறகு ஒரு ஜெனரேட்டர் உறுமியது. அடுத்தது. அதற்கடுத்தது. பனிக்குள் கறுப்பு இறங்கியது. முதலில் மூக்குக்குத் தெரிந்தது, அப்புறம் கண்ணுக்கு. கரண்ட் போனால் டீசலை எரிக்கிறோம். கரண்ட் இருந்தாலும் எங்கேயோ கரியை எரித்துத்தான் அது கம்பியில் வருகிறது. பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சவும் காய வைக்கவும் ஆவி வேண்டும். அதற்கு விறகு, துணிக்கழிவு, சிலர் பழைய டயர். நாம் கட்டுகிற வேட்டியில் பாதிதான் நூல், மீதிப் பாதி புகை. நூலை மட்டும் மடித்து விற்கிறோம்.

ஏழரை மணி இருக்கும், மயிலாத்தாள் வீட்டுக்குள் போனோம். அவள் சுவரில் சாய்ந்து, பைகளைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாவுக் கோலம் வாசலில் சாம்பல் நிறமாகக் கிடந்தது. "வாங்கண்ணா" என்றவள், என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தாள்.

"அவிய வந்துட்டாங்க. சித்தக் கதவைச் சாத்துங்கண்ணா."

யாரோ விருந்தாளி என்று நினைத்துத் திரும்பினேன். எங்கள் பக்கம் அவிய என்றால் மரியாதைக்குரியவர்கள். வாசலில் ஆள் இல்லை. கேட்டுக்குக் கீழே இருந்த இடைவெளி வழியாகப் புகை உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. மேலே எழும்பவில்லை. இடுப்பு உயரத்தில், சாவகாசமாக, பழகிய வீட்டுக்கு வருகிறவர் போல முற்றத்தைக் கடந்து, துளசி மாடத்தைச் சுற்றிக்கொண்டு, படியேறி, என் வேட்டியைத் தொட்டது.

"யாரைச் சொல்ற அம்மணி?" என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

"தெனமும் வாராங்கல்ல, அவியளைத்தான். இந்நேரத்துக்குக் கஞ்சிக்கு மொதோ கொதி. அப்புறம் பத்து மணிக்கு வருவாங்க. ராத்திரி எப்ப வேணா வருவாங்க. கட்டிலுக்கடியில படுத்துக்குவாங்க."

பொன்னுச்சாமி பின்வாசல் வழியாக ஓடிவந்தான். நல்ல பிள்ளை, அம்மாமேல் உயிர். ஆனால் மில் ஒரு வருஷம் நஷ்டத்தில் ஓடி, கட்டின கடனில் தலைமயிர் நரைத்தவன்.

"மாமா, நீங்களே கூட்டிட்டுப் போறதுதானுங்க எனக்கு நிம்மதி. மார்கழி, தை போயிருச்சுன்னா செரியாயிரும்."

"மாப்ளே, சிம்னி இழுக்குதா இல்லையா? புகை ஏன் தரையில நடக்குது?"

"பனிங்க மாமா. பனி அமுக்குதுங்க."

வெளியே எட்டிப் பார்த்தேன். கொட்டகையின் கூரையே தெரியவில்லை. சிம்னி எங்கே தெரியப் போகிறது? அவனுக்கு அறுபது அடியில் நான் நிறுத்திய சிம்னி அது; ஐப்பசிக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் வந்திருக்கவில்லை. பனி என்றான், நம்பினேன். மயிலாத்தாளைத் தூக்காத குறையாகக் காரில் உட்கார வைத்தோம். கதவைச் சாத்தும்போது அவள் மகனைப் பார்த்து, "எருமைக்குத் தண்ணி காட்டச் சொல்லு. நான் வந்துருவேன்" என்றாள். பொன்னுச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சாமளாபுரம் வழியாகப் போனோம். நொய்யல் பள்ளத்தில் இறங்கியபோது பாஷா பாய் ஹெட்லைட்டைப் போட்டார். காலை எட்டு மணிக்கு. வெளிச்சம் முன்னால் போகாமல் எங்கள் முகத்திலேயே திரும்பி வந்து அடித்தது. புகை தண்ணீரைப் போலப் பள்ளம் பார்த்து ஓடுகிறது என்பதை அங்கே பார்த்தேன். இரண்டு பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் அது வழிந்து வந்து ரோட்டில் நிரம்பியது. ரோட்டோரக் குளத்தில் தண்ணீர் தெரியவில்லை. கொக்குகளின் இறக்கை அடிக்கிற சத்தம் மட்டும் தலைக்கு மேலே போயிற்று. பின்சீட்டில் மயிலாத்தாளின் மூச்சு விசில் அடித்தது. ஒவ்வொரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் நடுவே பாஷா பாயும் நானும் எங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"பாட்டுப் போடட்டுங்களா அம்மா?" என்று அவர் கேட்டார்.

"வேண்டாந்தம்பி. அவியளுக்குக் கேக்கும். கூடவே வாராங்க."

பாஷா பாய் கண்ணாடியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பின்கண்ணாடி முழுக்கச் சாம்பல் நிறம் ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் வேகத்தைக் கூட்டினார். அதுவும் கூட்டியது.

பள்ளத்தைக் கடந்ததும் ஒரு மேடு வரும். ஏற ஏற வெளிச்சம் வந்தது. மேட்டின் உச்சியில் காரின் மூக்கு புகைக்கு வெளியே நீட்டியதும், மயிலாத்தாள் சாளரத்தில் நெற்றியை வைத்து மூச்சு இழுத்தாள். வண்டியை நிறுத்தச் சொன்னேன். இறங்கித் திரும்பிப் பார்த்தேன்.

நாங்கள் வந்த நாடு முழுவதும் ஒரு சாம்பல் ஏரி. ஓர் அலை இல்லை. ஊர் இல்லை, மரம் இல்லை, கோயில் கோபுரம் இல்லை. அந்த ஏரிக்கு மேலே, வரிசை வரிசையாக, தலைகள் மட்டும் நின்றன. கழுத்துவரை மூழ்கிய ஆட்கள், எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்ற மாதிரி. எனக்கு வியர்த்துவிட்டது. நின்று நிதானித்த பிறகுதான் அவை மில்களின் தண்ணீர்த் தொட்டிகள் என்று புரிந்தது. உடனே அடுத்தது உறைத்தது: தொட்டிகள் தெரிகின்றன. தொட்டியைவிட இரண்டு மடங்கு உயரத்தில் நான் நிறுத்தின சிம்னிகள் எங்கே?

ஒன்றுகூட இல்லை. நான் எந்தெந்த இடத்தில் எதை நட்டேன் என்று எனக்குத் தெரியும்; கண்ணை மூடிக்கொண்டு விரல் நீட்டுவேன். விரல் நீட்டிய இடத்திலெல்லாம் வெறும் ஏரி. சிம்னிகள் தண்ணீருக்குள் நின்று வாயைத் திறந்துகொண்டிருந்தன.

காரின் கதவைத் திறந்து, "மயிலு, நம்ம சிம்னி என்னாச்சு?" என்று கேட்டேன்.

 "ஐப்பசியில வெட்டிப்போட்டாங்கண்ணா. நீங்க பையனைத் திட்டுவீங்கன்னு சொல்லலை."

"ஏன் வெட்டினான்?"

"வாஸ்துக்காரரு சொன்னாருங்க. கன்னி மூலையைவிட அக்கினி மூலை ஒசரமா இருக்கப்படாதாம். இருந்தா எசமானுக்கு ஆகாதாம்."

வெளியூர் வாசகர்களுக்கு இது விளங்க வேண்டும். அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் வாஸ்து பார்க்காமல் ஒருவரும் கக்கூஸ்கூடக் கட்டவில்லை. தென்கிழக்கு அக்கினி மூலை, நெருப்புக்கு உரியது. ஆகவே பாய்லர் அங்கே. தென்மேற்கு கன்னி மூலை. கட்டடத்தில் அதுதான் உயர்ந்து நிற்க வேண்டும். ஆகவே தண்ணீர்த் தொட்டி அங்கே. இதுவரைக்கும் யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் பாய்லர் மேலே சிம்னி இருக்கிறதே, அது தொட்டியைத் தாண்டி நிற்கிறதே என்று ஒரு வாஸ்துக்காரர் கண்டுபிடித்தார். ஒரு மில்காரர் வெட்டினார். அவருக்கு அந்த மாதமே பெரிய ஆர்டர் வந்தது. அவ்வளவுதான், பக்கத்துக்காரர், அடுத்த தெரு, அடுத்த ஊர் என்று கேஸ் கட்டர் வரிசையாகச் சுற்றி வந்திருக்கிறது. என்னிடம் சொன்னால் விடமாட்டேன் என்று வேறு பட்டறை ஆளை வைத்து வெட்டியிருக்கிறார்கள்.

பல்லடத்தில் டீ குடித்தோம், ஒன்றரை ரூபாய். கடைக்காரர் என் சட்டையைப் பார்த்தார்.

"சோமனூருங்களா?"

"எப்படித் தெரியும்?"

"காலர் சொல்லுதுங்களே. திருப்பூர்க்காரருக்குக் காலர்ல சாயம் இருக்கும், உங்களுக்குக் கரி."

பாஷா பாய் சிரித்துச் சிரித்து டீயைச் சிந்தினார். என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மயிலாத்தாளுக்குக் கொண்டுபோன டீயை அவள் இரண்டு மடக்கு குடித்துவிட்டு, "அண்ணா, பின்னாடி யாரும் இல்லீங்களே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

குண்டடம் வரைக்கும் மானாவாரிக் காடு, வானம் பெரிது. தூரத்தில் புதிதாக நட்டிருந்த காற்றாலைகள் வெள்ளையாக நின்றன. எதையும் எரிக்காமல் கரண்ட் எடுக்கிற சாமான். ஆனால் அன்று காற்றில்லை; ஒரு இறக்கையும் அசையவில்லை. எனக்குத் தெரிந்து இத்தனை உயரமான சாமான்கள் இவ்வளவு அமைதியாக நிற்பது நல்லதாகப் படவில்லை. பகலிலேயே அந்த வழியைச் சீக்கிரம் கடந்தோம்.

பதினொரு மணிக்குத் தாராபுரம். மகள் சாந்தி வாசலுக்கு ஓடிவந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். வீடு அமராவதிப் பக்கம். ஆற்றங்கரையில் யாரோ சருகு எரித்தார்கள். அந்தப் புகை ஒரு நூலாக, வளையாமல், மேலே போயிற்று. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மயிலாத்தாள் மத்தியானம் ஒரு பாயில் காலை நீட்டிப் படுத்தாள். படுத்தவள் தூங்கினாள். சாந்தி சமையலறையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அம்மா படுத்துத் தூங்கி அவள் பார்த்து மாசக்கணக்காகிறது.

ஆனால் சாயங்காலம் எழுந்ததும் மயிலாத்தாள் ஆரம்பித்துவிட்டாள்.

"எத்தனை நாளைக்குண்ணா மக ஊட்டுச் சோத்தைத் திங்கறது? சம்பந்தி சனம் வந்தா என்னன்னு சொல்லுவேன்? பொங்க நோம்பிக்கு என்னைக் கொண்டுபோய் எம்பட ஊட்ல உட்டுருங்க."

"டாக்டர் சொன்னதை மறந்துட்டியா?"

"மறக்கலை. எங்க போனாலும் போறதுதானே. அங்கயே போறேன்."

எங்கள் ஜனத்துக்கு இது தெரியும்: கட்டிக்கொடுத்த மகள் வீட்டில் தாய் இரண்டு வாரத்துக்குமேல் தங்குவது அவளுக்கே பொறுக்காது. யார் கட்டாயப்படுத்தினாலும் பொங்கலுக்கு அவள் திரும்புவாள். திரும்பினால் சாவாள். இதற்கு நடுவில் எனக்கு இருந்தது இரண்டு வாரத்துக்கும் குறைவு.

பொன்னுச்சாமியைத் திட்டலாம், அடிக்கலாம். சிம்னியை ஏற்றமாட்டான். வெட்டின பிறகு அவனுக்கும் ஆர்டர் வந்திருந்தது. ஏற்றினால் கன்னி மூலை தாழ்ந்துவிடும், எசமானுக்கு ஆகாது. எசமான் அவன்தான், அவனுக்கு இரண்டு பிள்ளைகள். பயத்தோடு வாதாடிப் பயனில்லை.

மறுநாள் காலை சாந்தி மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் பல் துலக்கிக்கொண்டு நின்றேன். வெள்ளைத் துணி வெள்ளையாகவே காய்வதைப் பார்ப்பது எனக்குப் புதுசாக இருந்தது. மாடியின் ஒரு மூலையில் டிவி ஏரியலுக்கு நட்ட இரும்பு பைப் வீட்டைப் போல இரண்டு பங்கு உயரத்துக்கு நின்றது.

"ஏன் அம்மணி, இவ்வளவு ஒசரம் எதுக்கு? படம் தெரியலையா?"

"படத்துக்கு இல்லீங்க மாமா. பக்கத்தூட்டுக்காரங்க எங்களுக்கு அக்கினி மூலையில மாடி எடுத்துப்போட்டாங்க. அது நமக்கு ஆகாது, கன்னி மூலையை ஒசத்துங்கன்னு ஒருத்தரு சொன்னாரு. கட்டறதுக்குக் காசில்லீங்க. ஒரு பைப்பை நட்டாலும் ஒசரம் ஒசரந்தான்னு அவரே சொல்லிப்போட்டாரு."

"யாரு?"

"வாஸ்துக்காரருங்க."

வாயிலிருந்த பற்பொடியோடு நான் சிரித்தது கீழ்த்தெருவரை கேட்டிருக்கும். பைப்பை நட்டது அவர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பைப்பைப் பார்த்த மாத்திரத்தில் சோமனூர்ச் சிம்னியோடு முடிச்சுப் போட்டது இந்த மூன்றாம் வகுப்பு மூளைதான். சிம்னியை ஏற்ற வேண்டாம் என்று சாஸ்திரம் சொல்லவில்லை. கன்னி மூலை அதைவிட உயரமாக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறது. தொட்டிமேல் எண்பது அடிக்கு ஒரு பைப் நின்றால், அறுபது அடி சிம்னிக்கு யார் தடை?

அன்று மத்தியானமே திரும்பினேன். மயிலாத்தாளிடம், "பொங்கலுக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் வாயை மூடிட்டு மூச்சு உடு" என்றேன். அவள் சிரித்தாள், சிரித்தால் இருமல் வரும், அன்று வரவில்லை.

பொன்னுச்சாமி முதலில் நம்பவில்லை. வாஸ்துக்காரருக்கு என் முன்னாலேயே டெலிபோன் போட்டான். அந்த மனுஷர் நியாயம் தெரிந்தவர், நிறைய நேரம் யோசித்துவிட்டு, "சாஸ்திரப்படி குத்தமில்லை. ஆனா சிம்னி ஏத்தறதுக்கு மின்னாடி பைப் நிக்கோணும்" என்றாராம். அப்படியே செய்தோம். என் பட்டறையில் பைப்பை இணைத்து, தொட்டியின் மேலே நிறுத்தி, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினேன். சூடம் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் வெட்டின சிம்னியின் மேலே புதுத் தகட்டை ஏற்றி வெல்டிங் வைத்தேன். இந்த வயதில் நானே மேலே ஏறினேன். கீழே நின்ற பொன்னுச்சாமி, "மாமா, எறங்குங்க, ஏதாச்சு ஆச்சுன்னா அத்தை என்னைக் கொன்னுபோடும்" என்று கத்திக்கொண்டிருந்தான். அந்த வேலையோடு ஆவிக் குழாயில் இருந்த இரண்டு ஒழுகலையும் அடைத்தேன். வீணாகும் ஆவிக்கு எரிக்கிற விறகு வெறும் புகைதான், அதில் ஒரு முழம் துணியும் இல்லை. டயர் போடுவதை நிறுத்தினால்தான் வேலை என்று முதலிலேயே சொல்லியிருந்தேன், நிறுத்தினான்.

பொங்கலுக்கு முதல் நாள் விடிகாலை, மயிலாத்தாளைக் கூட்டிக்கொண்டு அதே வழியில் வந்தோம். அதே மேட்டில் வண்டியை நிறுத்தினேன். சாம்பல் ஏரி இருந்தது. கழுத்துவரை மூழ்கிய தலைகள் இருந்தன. அவற்றின் நடுவே ஒரே ஒரு புகை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழுந்து, மேலே போய், யாரோ கூப்பிட்ட மாதிரி தென்மேற்கே திரும்பி நடந்தது.

"எங்கண்ணா போறாங்க?" என்று மயிலாத்தாள் கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியும். வாடைக் காற்றில் தென்மேற்கு என்றால் சூலூர். என் வீடு. சிம்னி புகையைக் கொல்லாது, மேலே ஏற்றிப் பரப்பி விடும். எரித்தது எரித்ததுதான், எங்கேயாவது இறங்கித்தான் ஆக வேண்டும். இப்போதெல்லாம் என் மனைவி மாடியில் துணி எடுக்கும்போது உதறிப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்க்கிறாள். மூக்குக்கு நேரே வந்து நிற்பதைவிடப் பத்து மைலுக்குப் பரவி வருவது மேல் என்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் சில விடிகாலைகளில் தேக்குக் கதவுக்கு வெளியே யாரோ நின்றுகொண்டு திறக்கச் சொல்கிற மாதிரி இருக்கிறது. நான் எழுந்துபோய்த் திறப்பதில்லை. எரிப்பதைக் குறைக்காமல் இதற்கு முடிவில்லை என்று, சிம்னி கட்டிப் பிழைக்கிற நானே சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

மயிலாத்தாள் தன் வீட்டில் இருக்கிறாள். அடுத்த மார்கழியும் வந்து போயிற்று. அவள் எருமைக்குத் தண்ணீர் காட்டினாள். டாக்டர் படத்தை மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எங்கே கூட்டிக்கொண்டு போனீர்கள்?" என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றேன்.

இன்றைக்குச் சோமனூர் சுற்றுவட்டாரத்தில் மில் தவறாமல் கன்னி மூலையில் பைப் நிற்கிறது, அக்கினி மூலையில் அதைவிடத் தாழ்வாகச் சிம்னி ஏறியிருக்கிறது. தொழிற்காரர்கள் கூட்டம் போட்டார்கள். வாஸ்துக்காரருக்கு மாலை. கோயமுத்தூரிலிருந்து வந்து, சிம்னி உயரமாக இருந்தால் நல்லது என்று பேசிவிட்டுப் போன இன்ஜினியருக்கு மாலை, சால்வை. என்னை மூன்றாவது வரிசையில் உட்கார வைத்து மிக்சர் கொடுத்தார்கள். ஜனங்கள் அதை வாஸ்து பைப்பு என்கிறார்கள். உயரம் வேண்டும் என்று இன்ஜினியர் சொல்லி ஒருவரும் ஏற்றவில்லை. உயரக்கூடாது என்று சொல்லி வெட்ட வைத்தவர்தான் வாஸ்துக்காரர். வெட்டினவனையே மறுபடி ஏற்ற வைத்தது யார் என்று பொன்னுச்சாமியைக் கேளுங்கள், சாந்தியைக் கேளுங்கள், வண்டி ஓட்டின பாஷா பாயைக் கேளுங்கள்.

எனக்கு மாலை வேண்டாம், மிக்சரும் வேண்டாம். அடுத்த கூட்டத்தில் மைக்கில் ஒருமுறை சொல்லுங்கள். நோட்டீசில் அச்சடியுங்கள். அதன் பெயர் வாஸ்து பைப்பு இல்லை, சென்னியப்பன் பைப்பு.